பொருளடக்கம் தானே வரும். தலைப்பு தானே வராது

புதிய பாடநூல் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள்? அட்டைப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரே பொருளடக்கத்துக்குத்தானே போகிறீர்கள்? இந்த ஆண்டு என்னென்ன பாடங்கள், எது நீளமானது, எது சிறியது, ஒளியியல் முன்னே வருகிறதா மின்னியல் முன்னே வருகிறதா என்பவற்றையெல்லாம் அந்த ஒரே பக்கம் சொல்லிவிடுகிறது. முந்நூறு பக்கங்களைப் புரட்டி அறிய வேண்டியதை முப்பது வரிகளில் அறிந்து கொள்கிறோம்.

இணையத்தில் நீங்கள் படிக்கும் விக்கிப்பீடியாக் கட்டுரைகளிலும் இத்தகைய பொருளடக்கம் உண்டு. ஆனால் அதை எந்த மனிதரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கணிப்பொறியே தானாகத் தொகுத்துக் கொடுத்துவிடுகிறது. "அப்படியானால் நமக்கு வேலை மிச்சம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வேலை மிச்சம்தான். ஆனால் அதைவிடக் கடினமான மற்றொரு வேலை இன்னமும் நம் தலைமேல்தான் இருக்கிறது. அந்த இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் சில வாசகர்களுக்குக் கட்டுரையின் வாசலே அடைபட்டுப் போகிறது. அந்த வாசலைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சுருளை விரித்துத் தேடிய காலம்

பொருளடக்கம் இன்று நேற்று வந்ததன்று. ரோமாபுரியில் வாழ்ந்த மூத்த பிளினி என்னும் அறிஞர், கி.பி. 77ஆம் ஆண்டளவில் 'இயற்கை வரலாறு' என்ற பெருநூலை எழுதினார். விண்மீன்கள், நாடுகள், விலங்குகள், மரங்கள், மருந்துகள், உலோகங்கள் என அக்காலத்தில் அறியப்பட்டிருந்த அனைத்தையும் 37 பகுதிகளில் தொகுத்த நூல் அது. அதன் முதல் பகுதி முழுவதும் என்ன தெரியுமா? எந்தப் பகுதியில் என்னென்ன செய்திகள் உள்ளன, அவை யார் யாருடைய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்னும் பட்டியல்தான்!

பிளினி அந்நூலைப் பிற்காலத்தில் பேரரசரான டைட்டசுக்குக் காணிக்கையாக்கினார். பல பணிகள் உடையவர் முழு நூலையும் படித்துத்தான் தமக்கு வேண்டியதைக் கண்டறிய வேண்டும் என்ற நிலை கூடாது என்பதற்காகவே பட்டியலைச் சேர்த்ததாகத் தம் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அக்காலத்து நூல்கள் பாப்பிரசுத் தாள்களை ஒட்டிச் செய்த நீண்ட சுருள்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சுருளில் நடுப்பக்கத்தைச் 'சட்'டெனத் திறக்க முடியாது. சிறிது சிறிதாக விரித்துக்கொண்டே போக வேண்டும். எந்தச் சுருளை எடுப்பது என்பதையாவது முன்கூட்டி அறிந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்!

பொருளடக்கம் என்பது நூலுக்குச் செய்யும் அலங்காரமன்று. வாசகரின் நேரத்துக்குச் செய்யும் மரியாதை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் அச்சாவது கடைசியில் எழுதப்படும்

அச்சுப் புத்தகத்தில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. பொருளடக்கம் நூலின் தொடக்கத்தில் இருக்கும். ஆனால் அதை எழுதுவதோ கடைசியில்தான்! நூல் முழுவதும் பக்கம் பக்கமாக அமைந்த பிறகல்லவா எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று தெரியும்? இடையில் ஆசிரியர் இரண்டு பத்திகளைச் சேர்த்துவிட்டாலோ பின்னால் உள்ள பக்க எண்கள் எல்லாம் தள்ளிப் போய்விடும். பொருளடக்கத்தை மறுபடி திருத்த வேண்டும்.

இந்த வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான லெஸ்லி லாம்போர்ட். டொனால்ட் நூத் என்ற கணிப்பொறி அறிஞர் உருவாக்கிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல், 1980களின் முற்பகுதியில் 'லாடெக்' என்ற மென்பொருளை இவர் அமைத்தார். இதில் பொருளடக்கத்துடன் கூடிய நூலை அச்சுக்குத் தயார் செய்ய, நிரலைக் குறைந்தது இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஏன்? முதல் முறை ஓடும்போது பக்கங்களை அமைத்தபடியே ஒவ்வொரு தலைப்பையும் அதன் பக்க எண்ணையும் தனியான ஒரு கோப்பில் குறித்துக் கொள்கிறது. இரண்டாம் முறை ஓடும்போது அந்தக் கோப்பைப் படித்து முன்பக்கத்தில் பொருளடக்கமாக அடுக்குகிறது. அந்தப் பொருளடக்கமே இரண்டு பக்கத்தை எடுத்துக் கொண்டால் மற்றப் பக்கங்கள் தள்ளிப் போகும்; அப்போது மூன்றாம் முறையும் ஓட்ட வேண்டிவரும். கணிப்பொறியாலும் நடக்காத ஒன்றை முன்கூட்டியே அறிந்துவிட முடியாது, பார்த்தீர்களா?

நாள்தோறும் மாறும் பக்கம்

இனி விக்கிக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கித் தளத்தை இணையத்தில் திறந்து வைத்தார். 'விக்கி' என்பது ஹவாய்த் தீவு மொழிச் சொல். 'விரைவு' என்பது பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்ற பேருந்தின் பெயரே இதற்கும் வைக்கப்பட்டது. படிப்பவர் எவரும் அதே பக்கத்தைத் திருத்தலாம், சேர்க்கலாம் என்பதே விக்கியின் புதுமை. 2001 ஜனவரி 15ஆம் நாள் விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் பிறந்தது.

இத்தகைய பக்கத்துக்குக் கையால் பொருளடக்கம் எழுதினால் என்ன ஆகும்? காலையில் ஒருவர் புதிய பகுதி ஒன்றைச் சேர்ப்பார். பிற்பகலில் மற்றொருவர் இரண்டு பகுதிகளை ஒன்றாக்குவார். இரவில் மூன்றாமவர் வரிசையை மாற்றுவார். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பொருளடக்கத்தையும் திருத்த வேண்டும் என்பது ஒருவருக்கு மறந்து போனாலும் போதும். அது பொய் சொல்லும் பட்டியலாகிவிடும். பொய்யான பொருளடக்கத்தைவிடப் பொருளடக்கமே இல்லாதிருப்பது நல்லது. ஆகவே விக்கிக்குத் தானியங்கிப் பொருளடக்கம் ஒரு சொகுசன்று, தேவை.

கணிப்பொறி எப்படித் தொகுக்கிறது?

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. இதில் தலைப்பு எழுதும் முறை மிக எளிது. தலைப்பின் இருபுறமும் சமக்குறிகளை இட வேண்டும். இரண்டிரண்டு குறிகள் இட்டால் பெருந்தலைப்பு; மூன்று மூன்று இட்டால் அதற்கு உட்பட்ட துணைத் தலைப்பு. இப்படியே ஆறு வரை போகலாம். ஒற்றைச் சமக்குறி பக்கத்தின் பெயருக்குரிய நிலை என்பதால் கட்டுரைக்குள் அதை இடுவதில்லை.

திருக்குறளைப் பற்றிய ஒரு பக்கத்தை எழுதுவதாக வைத்துக் கொள்வோம்.

== அறத்துப்பால் ==
=== கடவுள் வாழ்த்து ===
=== வான்சிறப்பு ===
== பொருட்பால் ==
=== இறைமாட்சி ===

கணிப்பொறி இப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வருகிறது. சமக்குறியில் தொடங்கிச் சமக்குறியில் முடியும் வரி கண்ணில் பட்டதும், குறிகள் எத்தனை என்று எண்ணுகிறது. இரண்டா? அறத்துப்பாலுக்கு எண் 1. அடுத்ததற்கு மூன்று குறிகளா? ஒரு படி உள்ளே போய் 1.1 என்கிறது. மறுபடி மூன்றா? 1.2. இப்போது இரண்டுக்குத் திரும்பிவிட்டதா? படியேறி வெளியே வந்து பொருட்பாலுக்கு 2 என்று எண்ணிடுகிறது. இறைமாட்சி 2.1 ஆகிறது. வேறு மந்திரம் ஒன்றுமில்லை. எண்ணவும் வரிசைப்படுத்தவும் தெரிந்த ஆறாம் வகுப்பு மாணவர் காகிதத்தில் செய்துவிடக் கூடிய வேலை!

பக்க எண்ணுக்குப் பதிலாக விக்கி செய்வது வேறொன்று. ஒவ்வொரு தலைப்பின் இடத்திலும் ஓர் அடையாளத்தை நட்டு வைக்கிறது. பொருளடக்கத்தில் உள்ள வரியைத் தொட்டால் அந்த அடையாளம் உள்ள இடத்துக்குத் திரை தாவுகிறது. அடையாளத்தின் பெயர் தலைப்பின் சொற்களே. ஒரே பக்கத்தில் 'வரலாறு' என்ற தலைப்பு இரண்டு இடங்களில் வந்தால், இரண்டாவதின் அடையாளத்தோடு 2 என்ற எண்ணைச் சேர்த்துக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

பக்கத்தில் நான்கு தலைப்புகளாவது இருந்தால்தான் பொருளடக்கம் தானாகத் தோன்றும் என்பது மீடியாவிக்கியின் வழக்கமான விதி. சிறிய கட்டுரைக்குப் பெரிய பட்டியல் எதற்கு? வேண்டாத இடத்தில் அதை நிறுத்தவும், வேண்டிய இடத்தில் வரவழைக்கவும் தனிக் கட்டளைகள் உண்டு. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தோற்றம் மாற்றப்பட்டபோது, பொருளடக்கம் கட்டுரையின் நடுவிலிருந்து இடப்பக்க ஓரத்துக்குப் போனது. படித்துக்கொண்டே கீழே சென்றாலும் அது கூடவே வருகிறது. எப்பகுதியில் இருக்கிறோம் என்பதையும் காட்டுகிறது.

அது பார்ப்பது குறியை, பொருளையன்று

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கணிப்பொறி தலைப்பைக் கண்டுகொண்டது எப்படி? 'அறத்துப்பால்' என்ற சொல்லின் பொருளை அறிந்தா? இல்லை. சமக்குறிகளைப் பார்த்துத்தான். குறி இல்லாவிட்டால் அதற்குத் தலைப்பும் இல்லை.

எழுதுபவர்களில் பலர் என்ன செய்கிறார்கள்? தலைப்பு பெரிதாகவும் கறுப்பாகவும் தெரிந்தால் போதும் என்று நினைத்து, சொல்லைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு அது தலைப்புப் போலவே தெரியும். கணிப்பொறிக்கோ அது கறுப்பாக அச்சான சாதாரண வரி. பொருளடக்கத்தில் அது இடம் பெறாது. தலைப்பு வேடம் போட்ட வரி! விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு இத்தகைய போலித் தலைப்புகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறது.

"வேடமாக இருந்தால் என்ன? பார்ப்பவருக்குப் புரிந்தால் சரிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். பார்க்க முடியாதவருக்கு?

பார்வையற்ற மாணவர்கள் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் படிப்பது, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளின் துணையால்தான். 'என்விடிஏ' என்னும் இலவச மென்பொருள் அவற்றுள் ஒன்று. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் இதன் பணி தொடங்கியது. இதைத் தொடங்கி வைத்த மைக்கேல் கரன் அவர்களும் பார்வையற்றவரே. இம்மென்பொருளில் ஆங்கில 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 முதல் 6 வரை உள்ள எண் விசைகளைத் தட்டினால் அந்தந்த நிலையில் உள்ள தலைப்புகளுக்கு மட்டும் தாவும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 6000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை. நிமிடத்துக்கு 150 சொல் வீதம் வாசித்தால் முழுவதையும் கேட்க 40 நிமிடம் ஆகும். அந்த மாணவருக்கு வேண்டியதோ கடைசிப் பகுதியில் உள்ள ஒரே பத்தி. தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால் எட்டுப் பத்து முறை விசையைத் தட்டினால் அங்கே போய்விடலாம். தடித்த எழுத்து வேடம் மட்டும் இருந்தால்? தாவி நிற்க ஓரிடமும் இல்லை. 40 நிமிடமும் காத்திருக்க வேண்டியதுதான். பிளினியின் காலத்துச் சுருளை, விரிக்க விரிக்க முடியாத அந்தச் சுருளை, நாம் அவர் கையில் மறுபடி கொடுத்துவிட்டோம்!

இது கற்பனையான கவலையன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'வெப்எய்ம்' என்ற அமைப்பு, இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துவோரிடம் அவ்வப்போது கருத்துக் கேட்டு வருகிறது. நீண்ட பக்கத்தில் செய்தியை எப்படித் தேடுவீர்கள் என்று 2021இல் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் தலைப்புகளின் வழியாகவே தேடுவதாகச் சொன்னார்கள். ஆக, இரண்டு சமக்குறிகளை இடுவதற்கு நாம் படும் சோம்பல் மற்றொருவருக்கு அரைமணி நேரத் தண்டனையாகிறது. இதை நியாயம் என்று நீங்கள் சொல்வீர்களா?

தலைப்புக்குள் என்ன இருக்க வேண்டும்?

குறி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? கொசுவைப் பற்றி இரண்டு மாணவர்கள் கட்டுரை எழுதியதாக வைத்துக் கொள்வோம். முதலாமவர் கட்டுரையின் பொருளடக்கம் இப்படி வருகிறது: முன்னுரை, விளக்கம், மேலும் விளக்கம், பிற செய்திகள், முடிவுரை. இரண்டாமவருடையது இப்படி: உடலமைப்பு, வாழ்க்கைச் சுழற்சி, பரப்பும் நோய்கள், கட்டுப்படுத்தும் முறைகள். 'பரப்பும் நோய்கள்' என்பதன் கீழே மலேரியா, டெங்கு, யானைக்கால் நோய் என மூன்று துணைத் தலைப்புகள்.

கணிப்பொறி இரண்டையும் ஒரே அக்கறையோடு தொகுத்துக் கொடுத்துவிட்டது. முதல் பட்டியலைப் பார்த்து இது கொசுவைப் பற்றியதா, கோள்களைப் பற்றியதா என்று சொல்ல முடியுமா? இரண்டாவது பட்டியலோ கட்டுரையைப் படிக்கும் முன்பே நமக்கு ஒரு பாடம் நடத்திவிடுகிறது. டெங்குவைப் பற்றி அறிய வந்தவர் நேரே அங்கே போகலாம்.

நிலை மாறினாலும் பொருள் கெடும். 'டெங்கு' என்பதற்கு மூன்று குறிகளுக்குப் பதில் இரண்டு குறிகளை இட்டுவிட்டால், 'பரப்பும் நோய்கள்' என்பதற்குள் அடங்க வேண்டியது அதற்குச் சமமாக வெளியே வந்து நிற்கும். தொடர்ந்து வரும் யானைக்கால் நோய் டெங்குவின் ஒரு பிரிவு என்று பட்டியல் சொல்லும்! உண்மையில் டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. யானைக்கால் நோயை நம் நாட்டில் பெரும்பாலும் பரப்புவது கியூலெக்ஸ் கொசு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நோய்கள். ஒரே ஒரு குறி குறைந்ததால் அறிவியலே தவறாகிவிட்டது.

எனவேதான் தானியங்கிப் பொருளடக்கத்தை நான் ஒரு கண்ணாடி என்பேன். நம் கட்டுரை ஒழுங்காக இருந்தால் ஒழுங்கைக் காட்டும். குழப்பமாக இருந்தால் குழப்பத்தை ஒளிவு மறைவின்றிக் காட்டிவிடும். பட்டியல் அழகாக இல்லையென்று சிலர் அதை மறைக்கும் கட்டளையை இட்டுவிடுகிறார்கள். முகத்தில் கறை இருந்தால் முகத்தைக் கழுவ வேண்டும். கண்ணாடியைத் திருப்பி வைப்பதில் பயனில்லை.

தேடல் பெட்டி போதாதா?

"இந்தக் காலத்தில் பொருளடக்கம் எதற்கு? வேண்டிய சொல்லைத் தட்டித் தேடினால் கிடைத்துவிடுமே!" என்பது பலரும் சொல்லும் மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தேடுவதற்கு, தேட வேண்டிய சொல் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதையே அறியாத மாணவர் அந்தச் சொல்லை எப்படித் தேடுவார்? பொருளடக்கத்தைப் பார்த்தால்தான், "அட, இதுவும் கொசுவால்தானா?" என்று வியப்பார். தேடல் நாம் கேட்ட கேள்விக்கு விடை தருகிறது. பொருளடக்கமோ நாம் கேட்க மறந்த கேள்வியை நினைவூட்டுகிறது. மாணவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவை.

இன்னொரு மறுப்பும் உண்டு. மொழியைக் கையாளும் புதிய செயற்கை நுண்ணறிவு நிரல்கள் கட்டுரையைப் படித்துத் தலைப்பையும் தாமே வைத்துத் தருகின்றனவே, நமக்கென்ன கவலை என்பார்கள். தரட்டும், உதவியாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் எது எதற்குள் அடங்கும், எது முக்கியம், எது துணை என்று பிரித்துப் பார்ப்பதுதானே ஒரு பொருளைக் கற்பது? தலைப்பு வைக்கத் திணறுகிறோம் என்றால் அப்பகுதி நமக்கே இன்னும் விளங்கவில்லை என்று பொருள். அந்தத் திணறலையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன?

செய்து பாருங்கள்

உங்கள் அறிவியல் பாடநூலில் ஒரு பாடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பாடத்தின் பெயரை விட்டுவிட்டு, உள்ளே உள்ள தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். துணைத் தலைப்புகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதுங்கள். அதை வேறு வகுப்பு நண்பரிடம் காட்டி, இது எதைப் பற்றிய பாடம், என்னென்ன சொல்கிறது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அவை நல்ல தலைப்புகள். அடுத்து, நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

பள்ளிச் செயல்திட்ட அறிக்கையைக் கணிப்பொறியில் தட்டெழுதும்போதும் இதே முறைதான். சொல்லைப் பெரிதாக்கித் தடிக்க வைப்பதோடு நில்லாமல், மென்பொருளில் தலைப்புக்கென்றே உள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அதைத் தலைப்பாகக் குறியுங்கள். பொருளடக்கம் தானே வரும். கணிப்பொறி வகுப்புகளில் எழுத்தின் வண்ணத்தையும் வடிவத்தையும் மாற்றக் கற்றுத் தருவதற்கு முன்பே இதைக் கற்றுத் தர வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் ஆசிரியரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியோ, உங்கள் தோட்டத்துப் பறவையைப் பற்றியோ நம்பத் தகுந்த நூல்களின் துணையோடு நீங்களும் எழுதலாம். எழுதும்போது தலைப்புகளை முதலில் அடுக்குங்கள். பிறகு பத்திகளை நிரப்புங்கள். முடித்ததும் பொருளடக்கத்தை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முன்பே உள்ள கட்டுரையில் ஒரு தலைப்பை மாற்ற நேர்ந்தால், வேறு பக்கங்களிலிருந்து அந்தப் பகுதிக்கு இணைப்பு உண்டா என்றும் பாருங்கள். தலைப்பின் சொல் மாறினால் அடையாளம் மாறும். இணைப்பின் வழியே வருபவர் தாம் தேடிய பகுதிக்குப் போகாமல் பக்கத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிடுவார்.

எண்ணுவதையும் அடுக்குவதையும் கணிப்பொறி சலிக்காமல் செய்யட்டும். அது அதற்கு உகந்த வேலை. எதை எங்கே வைப்பது, அதற்கு என்ன பெயர் இடுவது என்பது உங்கள் வேலை. நாளை உங்கள் கட்டுரையைக் காதால் கேட்டுப் படிக்கப் போகும் ஒரு மாணவர் 'எச்' விசையைத் தட்டுவார். அவர் போய்ச் சேர அங்கே ஒரு தலைப்பு இருக்கட்டும்!